ஏழு பச்சைப் புள்ளிகள்

தொம்மலூர்
6.7.2025, ஞாயிறு

ராதாவுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். கிளெமென்ட் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கிளெமென்ட் ஓட்டுகிற கம்பெனி பஸ் தினமும் ஹெப்பகோடி வழியாகத்தான் போகிறது. உன் தெருமுனை பேக்கரியில் இதைக் கொடுத்துவிட்டுப் போவார். பதில் எழுதினால் நீயும் அங்கேயே கொடுத்து வை. கட்டிய கணவனைத் தபால்காரனாக்கிவிட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டார்.

நம் சந்துப் பெண்கள் சங்கத்துக்கு ஒரே ஒரு சீட் என்று காலேஜிலிருந்து சொன்ன அன்று எல்லோரும் உன் பெயரைத்தான் சொன்னார்கள். "அக்கா பத்தாவது பாஸ் இல்லையே, ஃபார்ம் எடுக்க மாட்டாங்களே" என்று பதினைந்து பெண்களுக்கு முன்னால் நான் சொன்னது தப்புதான். பொய் சொல்லவில்லை. ஆனால் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரமே நீ குடிபோய்விட்டாய். உன் வீட்டுக்காரர் கோவிந்தன் அண்ணனுக்கு வேலை மாறியதால்தான் போனாய் என்று சந்து முழுவதும் பேசிக்கொள்கிறார்கள். நானும் அப்படியே தலையாட்டுகிறேன்.

காலேஜ் என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துவிடாதே. சர்ச் காம்பவுண்டுக்குள் இரண்டு அறை, மேலே சிமெண்ட் ஷீட். படிப்பின் பெயர்தான் நீளம்: சமூக அமைப்பும் உரிமைப் பரிந்துரையும். ஒரு வருடம், வாரத்தில் மூன்று மதியம். முதல் நாள் டோரீன் மேடம் போர்டில் ஒரே வரி எழுதினார்: போ, உட்கார், கேள், பிறகு பேசு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ பத்து வருடமாகச் செய்வதை இங்கே ஒரு பாடமாக வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் அவரவர் பகுதியில் நடந்த ஒரு போராட்டத்தைச் சொல்லச் சொன்னார். நான் குடக் கதையைச் சொன்னேன். கவுன்சிலர் வீட்டு கேட்டுக்கு முன்னால் நாற்பது காலிக் குடத்தை வரிசையாக வைத்துவிட்டு நாம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தோமே, அது. கார் வெளியே வர முடியாமல் அவர் லுங்கியோடு நடந்து வந்த இடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

லவினா


ஹெப்பகோடி
13.7.2025

லவினாவுக்கு,

போன மாதம்வரை நான் உனக்கு அக்கா. இப்போது வெறும் ராதாவா? முதல் மூன்று வாரப் பாடத்தில் அதுவும் உண்டு போலிருக்கிறது.

நாற்பது குடம் யாருடைய யோசனை? வீடு வீடாகப் போய்க் குடம் கேட்டது யார்? "நாம் உட்கார்ந்திருந்தோம்" என்று எழுதியிருக்கிறாய். பையனுக்கு ஜுரம் என்று நீ அன்றைக்குப் பதினொரு மணிக்குத்தான் வந்தாய். அதற்குள் கவுன்சிலர் நடந்து வந்து, பேசி, உள்ளேயும் போய்விட்டார். நீ பார்க்காத லுங்கிக்கு உனக்குக் கை தட்டல்.

எனக்கு வயிறு எரிகிறது, லவினா. ஒளித்து என்ன ஆகப்போகிறது. கணக்கில் எட்டு மார்க் குறைந்ததை இருபது வருடம் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். என் அம்மாவுக்கு அடுத்து அது தெரிந்த ஒரே ஆள் நீ. உனக்கு சீட் வேண்டுமென்றால் என்னிடம் கேட்டிருக்கலாமே. "அக்கா, எனக்கு ஆசையா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே உன் பெயரைச் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா என்று இப்போது நினைத்தால் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

இங்கே மாத்திரைப் பெட்டி பேக்கிங் வேலை. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வரிசையாக நின்று பெட்டியை மடிக்கிறோம். நூறு பெண்கள் இருக்கிறோம், ஒருத்தியும் ஒருத்தியோடு பேசக்கூடாது. மூன்றாம் நாளே எனக்கு நாக்கு வறண்டு போய்விட்டது. நம் சந்தில் நான் பேச ஆரம்பித்தால் நீ பின்னால் உட்கார்ந்து முந்தானையை இழுக்க வேண்டியிருக்கும். ஒரு இழுப்பு என்றால் மெதுவாக, இரண்டு என்றால் நிறுத்து. அந்த இழுப்பு இல்லாவிட்டால் நான் எத்தனை அதிகாரியிடம் வாயைக் கொடுத்து மாட்டியிருப்பேனோ.

அது போகட்டும். உனக்கு ஐடி கார்டு கொடுத்தார்களா? கயிறு என்ன நிறம்? புத்தகம் தமிழிலா கன்னடத்திலா? எத்தனை மணிக்கு விடுகிறார்கள்? எனக்கு இதெல்லாம் தெரிய வேண்டும். தெரிந்தால் இன்னும் எரியும், இருந்தாலும் எழுது.

ராதா


தொம்மலூர்
3.8.2025

ராதாவுக்கு,

கயிறு நீலம். புத்தகம் கிடையாது, ஜெராக்ஸ் தாள்கள்தான், பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ். ஐந்து மணிக்கு விடுகிறார்கள். ஐடி கார்டை வீட்டுக்கு வரும் முன்பே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன். சந்துக்குள் மாட்டிக்கொண்டு வந்தால் "ராதா இருந்திருந்தா அவ கழுத்துல இருக்க வேண்டியது" என்று யாராவது சொல்வார்கள். ஒரு தடவை சொல்லியும் விட்டார்கள்.

உனக்குத்தான் வயிறு எரியும் என்று நினைக்கிறாயா? நான் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி, "ராதா எப்ப வர்றா?" தண்ணீரைப் பற்றி நான் பத்து நிமிஷம் பேசி முடித்தால், "சரிம்மா, ராதாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ." உன் அம்மாகூட என்னைப் பார்த்து, "நீயும் நல்லாத்தான் சொல்ற" என்கிறார். அந்த 'யும்' எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். நீ இல்லாத இடத்திலும் நீதான் உட்கார்ந்திருக்கிறாய். எனக்குப் பின்னால் துப்பட்டாவை இழுக்க ஆள் இல்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். எங்கள் களப்பணிக்கு நம் சந்துதான். தண்ணீர்க் குழாய் இரண்டு அங்குலம், அதை நான்கு அங்குலமாக்கச் சொல்லி மனு. அதோடு ஒரு மேப். மேப்பை நாங்கள் வரையக்கூடாது, சந்துப் பெண்களே கோலப்பொடியால் தரையில் போட வேண்டும், அதுதான் முறை. பிறகு அதைச் சார்ட்டில் எடுத்து மனுவோடு சேர்ப்போம். உன்னிடம் ஐந்து கேள்வி. கேட்க எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

ஒன்று, எந்த நாள், எத்தனை மணிக்குக் கூட்டினால் வருவார்கள்? இரண்டு, மனுவில் முதல் கையெழுத்து யாரிடம் வாங்குவது? மூன்று, வால்வு திறக்கிற உத்தமனைக் கூட்டத்துக்குக் கூப்பிடலாமா? நான்கு, மீட்டர் உள்ள இருபத்து நான்கு வீட்டுக்கு வெள்ளைப் பொடி, மீட்டர் இல்லாமல் சைடு லைன் போட்டிருக்கிற ஏழு வீட்டுக்குப் பச்சைப் பொடி என்று வைத்திருக்கிறேன். முப்பத்தொரு வீடு குடிக்கிறது என்று காட்டினால்தானே பெரிய குழாய் வரும்? சரியா? ஐந்து, நாற்காலி போடட்டுமா?

லவினா


ஹெப்பகோடி
10.8.2025

லவினாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வைக்காதே. ஆம்பளைகள் வீட்டில் இருப்பார்கள், கோலப்பொடியை வாங்கிக்கொண்டு அவர்களே வரைய ஆரம்பித்துவிடுவார்கள். செவ்வாய் மதியம் மூன்று மணி. வேலைக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள், அன்றைக்குத் தண்ணீர் வராத நாளும்கூட. தண்ணீர் வரும் நாளில் யாரும் உனக்காக உட்கார மாட்டார்கள்.

முதல் கையெழுத்து சின்னப்பா அண்ணனிடம். அவருக்கு அதில் ஒரு பெருமை. இரண்டாவதாகப் போனால் எட்டு நாளைக்குக் கேள்வி கேட்டே உன் உயிரை எடுப்பார்.

உத்தமனைக் கூட்டத்துக்குக் கூப்பிடாதே. பத்துப் பேருக்கு முன்னால் அவனை யாராவது ஏதாவது சொல்லிவிட்டால், அடுத்த மாதம் முழுக்க வால்வு பாதிதான் திறக்கும். டீக்கடையில் தனியாகப் பார்.

ஐந்தாவதுக்கு, நாற்காலி வேண்டாம். நாற்காலி போட்டால் அதில் யார் உட்காருவது என்பதே ஒரு சண்டை. பாய் போடு. நீயும் பாயிலேயே உட்கார்.

மனு கன்னடத்தில் இருக்கட்டும், உன் கையெழுத்து நன்றாக இருக்கும். இரண்டு காப்பி. ஒன்றில் சீல் வாங்காமல் ஆபீஸ் படி இறங்காதே.

நீலக் கயிறா. நான் மஞ்சள் என்று நினைத்திருந்தேன்.

ராதா


தொம்மலூர்
14.9.2025

ராதாவுக்கு,

உன் அம்மா உனக்குப் போன் செய்திருப்பார். செய்யாவிட்டாலும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்து பேர் வந்தார்கள். கையில் நம் மேப்பின் ஜெராக்ஸ். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் இல்லை, எல்லாம்தான் அதில் இருக்கிறதே. பச்சைப் புள்ளி இருந்த ஏழு வீட்டின் லைனையும் வரிசையாக வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நான் சீல் வாங்கிய காப்பியைக் காட்டினேன். "மேடம், நீவே கொட்டித்து" என்றார் ஒருவர், நீங்களே கொடுத்ததுதானே என்று. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

மேப் போட்ட அன்று எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? இருபத்தாறு பெண்கள் வந்தார்கள். உன் அம்மா தானாகவே குனிந்து பச்சைப் பொடியைக் கிள்ளித் தன் வீட்டு இடத்தில் வைத்தார். "நம்ம லவினா கேக்கறா, வைங்கம்மா, சும்மனே பயந்துக்காதீங்க" என்று மற்ற ஆறு பேருக்கும் அவர்தான் தைரியம் சொன்னார். நான் அதைப் போட்டோ எடுத்தேன். காலேஜில் அந்தப் போட்டோவை எல்லோருக்கும் காட்டினார் டோரீன் மேடம். வெட்டிய பிறகு அவரிடம் போய் அழுதேன். "நான் சார்ட்டப் பாத்தேன், அழகா இருக்குன்னு மட்டும் பாத்துட்டேன்" என்று அவரும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

உன் அம்மா இப்போது என் வீட்டுக் குழாயில்தான் பிடிக்கிறார். இரண்டு பக்கெட். என்னோடு பேசுவதில்லை. வருகிறார், பிடிக்கிறார், போகிறார். முட்டி வலியோடு அந்த இரண்டு படி இறங்குவதை நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். தூக்கித் தருகிறேன் என்று போனால், "வுடும்மா" என்கிறார்.

இந்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, 26ஆம் தேதி, காலை பதினொரு மணிக்கு வார்டு ஆபீஸில் குறைகேட்பு. ஏழு வீட்டாரும் நேரில் வந்து, மீட்டர் வைத்துக்கொள்கிறோம், லைனை முறைப்படுத்திக் கொடுங்கள் என்று கேட்டால் திரும்பக் கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் ஏழு பேரும் என் தாளில் கையெழுத்துப் போட மாட்டார்களாம். "உன் பேப்பர்ல கையெழுத்து வெச்சதுதான் போதுமே" என்கிறார்கள். ராதா வந்தால் வருவோம் என்கிறார்கள்.

காலேஜை விட்டுவிடலாமா என்று இருக்கிறது. உனக்கு இப்போது சந்தோஷமாக இருந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் வா.

லவினா


ஹெப்பகோடி
17.9.2025

லவினாவுக்கு,

என்னால் வர முடியாது. லீவு இல்லை என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அது பொய்.

எனக்குத் தெரியும், லவினா. பச்சைப் பொடி என்று நீ எழுதியதைச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று தடவை படித்தேன். முதல் தடவையே இது எங்கே போய் நிற்கும் என்று புரிந்துவிட்டது. சைடு லைன் என்பது உத்தமனுக்குத் தெரியும், இன்ஜினியருக்கும் தெரியும், எல்லோரும் தெரியாத மாதிரி இருப்பதில்தான் அந்தத் தண்ணீர் ஓடுகிறது. அதைத் தாளில் போட்டு ஆபீஸுக்குள் கொடுத்தால் பிறகு அவர்கள் தெரியாத மாதிரி இருக்க முடியாது. இதற்கு எந்தக் காலேஜும் வேண்டாம். உனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

இத்துடன் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன். அதுதான் நான் ஆகஸ்ட் பத்தாம் தேதி முதலில் எழுதியது. ஐந்து கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது. எழுதி முடித்துவிட்டு உன் நீலக் கயிற்றை நினைத்துக்கொண்டேன். நான் சொல்ல, அவள் செய்ய, கை தட்டல் மறுபடி அவளுக்கா என்று தோன்றியது. வேறு தாள் எடுத்து, நான்காவதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் பார்த்து எழுதினேன். கிழித்துப் போடக்கூட மனம் வரவில்லை, அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன்.

அம்மா வீட்டு லைனும் அந்த ஏழில் ஒன்று என்று அப்போது நினைவில்லை என்று உன்னிடம் சொல்லலாம். இருந்தது. பக்கத்தில் நின்று அந்த லைனைப் போட வைத்ததே நான்தான். அதுவும் தெரிந்தேதான் விட்டேன். இத்தனை நாளாக அம்மா போன் செய்யும்போதெல்லாம், "லவினாவ ஒண்ணும் சொல்லாத, அவ பாவம், தெரியாம செஞ்சிட்டா" என்கிறாள். நான் "ம்" என்கிறேன்.

பத்து வருடமாக அந்தச் சந்துக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஒரே ஒரு வரி எழுத வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டேன். எந்த முகத்தோடு வந்து அந்த ஏழு பேருக்கு முன்னால் உட்காருவது? இந்தக் கடிதத்தைச் சந்தில் படித்துக் காட்டு. உன் மேல் இருக்கிற கோபம் என் மேல் திரும்பட்டும். கையெழுத்துப் போடுவார்கள்.

ராதா


தொம்மலூர்
21.9.2025

ராதாக்காவுக்கு,

உன் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

நீ அனுப்பிய பழைய தாளைப் பார்த்தேன். "நான்காவதுக்கு: பச்சை மட்டும் வேண்டாம், நம் கையை விட்டுப் போனால் அது நமக்கு எதிராகவே சாட்சி." அதைப் படித்ததும் உன் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏன் வரவில்லை என்று உனக்குச் சொல்ல நான்கு நாள் ஆகியிருக்கிறது.

எனக்கும் தெரியும், அக்கா.

பச்சை ஆபத்து என்று தெரியாது. அது சத்தியம். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு நேராக ஐந்து என்று நீ போனதை உன் கடிதம் வந்த அன்றே பார்த்துவிட்டேன். என்னைத் திட்டும்போதும் ஒரு கேள்வியைக்கூட விடாதவள் நீ. கூட்டத்தில் பேசினால்கூட விரல் விட்டு எண்ணிக்கொண்டுதான் பேசுவாய். நீ ஒன்றை விட்டாய் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. கிளெமென்ட்டிடம்கூடச் சொன்னேன். "மறுபடி எழுதிக் கேளேன், நாளைக்கே குடுத்துட்டு வர்றேன்" என்றார். மேப் போட இன்னும் எட்டு நாள் இருந்தது. நான் கேட்கவில்லை.

நாள் நீ சொன்னது, நேரம் நீ சொன்னது, பாய் நீ சொன்னது, சின்னப்பா அண்ணன் நீ சொன்னது. அந்தப் பச்சை மட்டும்தான் உன் கை படாத ஒன்று. அதையாவது நான் செய்தது என்று வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். உன்னிடம் திரும்பக் கேட்டால் அதுவும் உன்னுடையதாகிவிடும். அதனால்தான் உன் அம்மா குனிந்து பொடியை வைத்தபோது நான் வாயை மூடிக்கொண்டு போட்டோ எடுத்தேன்.

நீ சொல்லாமல் விட்டாய், நான் கேட்காமல் விட்டேன். நம் இரண்டு பேருக்கும் நடுவில் உன் அம்மா பக்கெட் தூக்குகிறார். இதில் யார் பாவம் பெரிது என்று சண்டை போட வேண்டுமானால் 26ஆம் தேதிக்குப் பிறகு போடலாம், நான் தயார்.

இன்று மதியம் உன் அம்மாவிடம் என் பங்கை மட்டும் சொன்னேன். பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவளுக்கு சாப்பாடு ஒத்துக்குதான்னு கேட்டு எழுது" என்றார். உன் பங்கை நீ வந்து சொல்லிக்கொள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. நீ பேசு. நான் பின்னால் உட்காருகிறேன்.

லவினா


ஹெப்பகோடி
23.9.2025

லவினா,

வெள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் காரணம் கேட்டார், அம்மா வீட்டில் தண்ணீர் இல்லை என்றேன். காலை எட்டு மணிக்கெல்லாம் சந்தில் இருப்பேன். அம்மாவிடம் முதலில் பேசுகிறேன், பிறகு மற்ற ஆறு வீட்டுக்கும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து போவோம். அவர்களிடமும் சொல்லிவிடுகிறேன். பிறகு கையெழுத்துப் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். சாப்பாடு ஒத்துக்கொள்கிறது என்று அம்மாவிடம் சொல், அதற்காகப் படி ஏறி இறங்க வேண்டாம்.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். கூப்பிடாதே, நேரில் பார்க்கும்வரை எனக்குப் பேச வராது.

வயிற்றெரிச்சல் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நேற்று எங்கள் கேட்டில் ஒரு பெண் நீலக் கயிறு போட்டுக்கொண்டு போனாள், அவள் யாரோ எவளோ, அவள் மேலும் எரிந்தது. இருக்கட்டும், அது என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும். நீ காலேஜை விட்டாயானால்தான் உன்னைச் சும்மா விட மாட்டேன். என் சீட் அது. அதில் நீ ஒழுங்காக உட்கார்.

வெள்ளிக்கிழமை நான் பேச மாட்டேன். மனு உன் கையெழுத்து, மேப் உன்னுடையது, தப்பானதையும் நீதான் நின்று சொல்ல வேண்டும், உனக்கு அதைச் சொல்ல வரும். கார்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு வா. நான் உனக்குப் பின்னால் உட்காருகிறேன். ஒன்று என்றால் மெதுவாக, இரண்டு என்றால் நிறுத்து, மறந்திருக்க மாட்டாய். இந்தத் தடவை எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன்.

துப்பட்டாவில் ஊக்கு குத்தாமல் வா. நான் இழுக்க வேண்டும்.

அக்கா